இசாக் உன்ருவின் ஞானஸ்நானம்

அன்பு மகன் கெர்ஹார்டுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை சூசெ எழுதுகிறாள். இந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு என் விரல்கள் பேனாவைச் சுற்றி மடங்க மறுக்கின்றன. அதைத் தவிர கர்த்தருடைய கிருபையால் இருவரும் சுகமாகவே இருக்கிறோம், நீயும் உன் மனைவி ரெனாத்தெயும் அங்கே ஜெர்மனியில் அதேபோல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் முழங்காலில் நின்று கேட்கிறோம். சிவப்புப் பசு கன்று போட்டது, கிடேரி. மலையில் பனி உருகி வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, உருளைக்கிழங்கு நட்டாகிவிட்டது. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை சூசெக்குச் சரியாக இருக்கிறது, ஆனால் ஜெபவீட்டுக்குப் போட்டுக்கொண்டு போக வெட்கப்படுகிறாள், எல்லாரும் பார்க்கிறார்களாம். பார்க்கட்டும் என்றேன். இப்போது நான் சொல்லப்போவதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. ரெனாத்தெ பக்கத்தில் இருந்தால் நல்லது.

உன் வாத்தியார் இசாக் உன்ரு மனந்திரும்பிவிட்டார். ஆமாம், அதே உன்ருதான். நம் ஆளாகப் பிறந்து, சபையை விட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போய், பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளை நிற்க வைத்துக் கேலி செய்தவர். குளிர்காலக் கூட்டத்தில் மூன்றாம் நாள் எழுந்து முன்னால் போய் முழங்கால் போட்டு, எழுபத்து மூன்று வயதில் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். பெண்கள் பக்கம் முழுக்க அழுதது. நான் அழவில்லை. என் கையுறையின் தையலை எண்ணிக்கொண்டிருந்தேன். அவருக்கு நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, தனியாகக் கிடக்கிறார், அதனால் சகோதரிகள் முறை வைத்து ஆளுக்கொரு நாள் சாப்பாடு கொண்டு போகிறோம். என் முறை செவ்வாய்க்கிழமை. ஒரு செவ்வாயும் தவறவில்லை. முட்டைக்கோஸ் சூப், சுட்ட ரொட்டி, துவைத்த படுக்கைத் துணி, எல்லாம் ஒழுங்காக. சூப்பில் உப்பு மட்டும் போட மாட்டேன். அந்த மனிதர் குடித்துவிட்டு, நல்லா இருக்கு சகோதரி, கர்த்தர் உங்களை ஆசீர்வதிக்கட்டும் என்பார். எனக்கு வயிறு எரியும். பக்கத்து வீட்டு டீனா பென்னரிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்துவிட்டு, "ஏன் அகனேத்தா, உப்பில்லாத சூப்புக்கும் நற்கிரியைன்னுதான் பேரா?" என்று கேட்டாள். நீ அவளை அறிவாய், அவள் வாய்க்கு வேலி கிடையாது.

அவர் அழுததோடு நிற்கவில்லை, ஞானஸ்நானமும் கேட்டார். உனக்குத்தான் நம் முறை தெரியுமே, வருடத்துக்கு ஒரு தடவை, பெந்தெகொஸ்தே அன்றுதான் வாய்க்காலில் இறக்குவார்கள், அதற்கு முன்னால் சபையார் எல்லாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, ஞானஸ்நானம் கேட்டவர்களை விசாரிப்பார்கள், மூப்பர் மூன்று தடவை யாருக்காவது இவர்மேல் குறை உண்டா என்று கேட்பார், ஒருவர் எழுந்தாலும் அது தீரும்வரை தண்ணீரில் இறங்க முடியாது. இந்த வருடம் தவறினால் அடுத்த வருடம். உன்ருவுக்கு அடுத்த வருடம் கிடையாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால் நான் அந்த விசாரணை ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன் மகனே, சின்னப் பெண்கள் கிறிஸ்துமஸுக்குக் காத்திருப்பதுபோல. என்ன சொல்ல வேண்டும் என்று மாட்டுக்கொட்டகையில் பால் கறக்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

நம் மூப்பர் எப் உன்ருவிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார், இன்றைக்கே இறந்தால் எங்கே போவீர்கள் என்று. உன்ரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, "இயேசுகிட்டப் போவேன். எனக்குத் தெரியும். என் கையில ஒண்ணும் இல்ல, அவரு செஞ்சது மட்டுந்தான் இருக்கு" என்றார். முப்பத்தொரு வருடமாக நான் இந்தச் சபையில் இருக்கிறேன். பிணம் கழுவியிருக்கிறேன், சிறைக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்குக் காலுறை பின்னியிருக்கிறேன், உபவாச நாளில் ஒரு துண்டு ரொட்டி திருடித் தின்றதில்லை. அதே கேள்வியை என்னிடம் கேட்டால் நம்புகிறேன் என்று சொல்வேன், தெரியும் என்று சொல்ல இன்றுவரை நாக்கு எழும்பியதில்லை. இந்த மனிதருக்கு மூன்றே மாதத்தில் நிச்சயம் வந்துவிட்டதாம். மூப்பர் முதல் தடவை குறை உண்டா என்று கேட்டு முடிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். உன் அப்பா அப்ராம், சட்டம் தடுத்தும், நம் களஞ்சியத்தில் பன்னிரண்டு பிள்ளைகளை உட்காரவைத்து வேதம் சொல்லிக்கொடுத்ததை, அந்தப் பன்னிரண்டு பெயர்களையும் உன்ருவின் கை அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்ததை, நீதிமன்றத்தில் அந்தத் தாளை வாசித்ததை, மூன்று வருடம் கைதி முகாமில் மரம் வெட்டி நெஞ்சு போய்த் திரும்பி வந்து இரண்டே வருடத்தில் அவர் செத்ததை. பள்ளியில் கைதியின் மகள் கைதியின் மகள் என்று சொல்லிச் சொல்லியே சூசெ எட்டாம் வகுப்போடு நின்றதையும் சொன்னேன். உட்கார்ந்தபோது ஒரு பெரிய மூட்டையை இறக்கியதுபோல இருந்தது, அது சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன்.

உன்ரு மறுக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, "சகோதரி சொன்னது அத்தனையும் உண்மை. ஒண்ணு மட்டும் விட்டுட்டாங்க. அவங்களுக்குத் தெரியாது, அதனால விட்டுட்டாங்க" என்றார். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று உனக்கு நினைவிருக்கும், குற்றவாளியின் சொந்த மகனே இந்தப் பெயர்களைச் சொன்னான் என்று. நீதிபதி வாசித்தபோது நீ என் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். உன்ரு உன்னை வகுப்பு முடிந்து நிறுத்தி, மிட்டாய் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை களஞ்சியத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று கேட்டதையும், நீ ஒன்பது வயதுப் பிள்ளை, பெருமையாக எல்லாப் பெயரையும் சொன்னதையும் பதினாறாவது வயதில்தான் என்னிடம் சொன்னாய். அதற்குப் பிறகு நீ ஜெபவீட்டுக்கு வரவில்லை. அங்கேயும் போவதில்லை என்று எனக்குத் தெரியும். இப்போது கவனமாகக் கேள். பெயர்கள் இருந்த முதல் தாள் நகரத்துக்குப் போனது நீ வாய் திறப்பதற்கு மூன்று வாரம் முன்னால். களஞ்சியத்துப் பலகை இடுக்கு வழியாக அவரே பார்த்து, அவரே எழுதியது. ஊரில் யாரும் தன்னைச் சந்தேகப்படக் கூடாது என்றுதான் பிறகு உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார், பிறகு இரண்டாவது தாள் எழுதி, மகன் சொன்னான் என்று அதில் சேர்த்தார். அப்பாவைக் கொண்டுபோன அன்று உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ சொன்னதாலதான் இப்படி ஆச்சு, வீட்டுல சொல்லாதே" என்று சொன்னவரும் அவர்தான். இத்தனையும் சபை முன்னால் அவர் வாயாலே சொன்னார். நீ சொல்லவில்லை என்றாலும் அப்பாவைக் கொண்டுபோயிருப்பார்கள் மகனே. நீ காட்டிக்கொடுக்கவில்லை. சூசெ, இதன் அடியில் கோடு போடு.

எனக்கு அந்த இடத்தில் அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. கிழவர் அழுகிறார் என்று யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள், அதுவும் பொறுக்கவில்லை. மூப்பர் என்னிடம் மெதுவாகச் சொன்னார், "சகோதரி, அப்ராம் சாகறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டு, எழுதினது யாரா இருந்தாலும் நான் மன்னிச்சிட்டேன்னு சாட்சி வெச்சுச் சொன்னாரு. அவரு விட்டதை நீங்க பிடிச்சிக்கிட்டு இருக்க முடியாது." என்னிடம் சொல்லாமல் மூப்பரிடம் சொல்லியிருக்கிறார் உன் அப்பா. பதினோரு வருடத்துக்கு முன்னால் செத்த மனிதர்மேல் எனக்கு அன்றைக்கு எவ்வளவு கோபம் வந்தது என்று எழுதினால் சூசெ பயப்படுவாள். ஆனால் மூப்பர் நியாயமான மனிதர். இன்றைக்கு வெளிவந்த பாவம் கெர்ஹார்டுக்கு விரோதமாகச் செய்தது, அதற்கு அவன் ஒருவன்தான் பதில் சொல்ல முடியும், அவன் சொல் வரும்வரை உன்ரு காத்திருக்கட்டும் என்று தீர்த்தார். யார் அவனுக்கு எழுதுவது என்று கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். தாயாயிற்றே, யார் வேண்டாம் என்பார்கள்.

நான் எழுதவில்லை. தபால் உன்னிடம் வர மூன்று வாரம், உன் பதில் வர மூன்று வாரம், பெந்தெகொஸ்தேவுக்கு அன்றைக்கு ஏழு வாரம் இருந்தது. நான் சும்மா இருந்தாலே போதும், காலம் தானாகப் போய்விடும், அவர் தண்ணீரில் இறங்காமலே சாவார். பொய் சொல்லவும் வேண்டாம், கையை நீட்டவும் வேண்டாம். பன்னிரண்டு நாள் போய்விட்டது. இரண்டு செவ்வாய்க்கிழமையும் சூப் கொண்டு போனேன். பதில் வந்ததா என்று அவர் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார், நான் கிண்ணத்தைக் கழுவினேன். மூப்பர் கேட்டதற்கு, தூரதேசமாச்சே என்றேன். இன்றைக்கு டீனா வந்து, தன் குடும்பத்துக்கு ஜெர்மனிக்குப் போகப் பயணத் தேதி கிடைத்துவிட்டது, வியாழக்கிழமை விமானம், கெர்ஹார்டுக்குக் கடிதம் இருந்தால் கொடு என்றாள். சரி என்று சூசெயை உட்காரவைத்து ஒரு கடிதம் சொன்னேன். கன்று, உருளைக்கிழங்கு, கம்பளிச் சட்டை, அவ்வளவுதான். உன்ரு அதில் இல்லை. கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் சூசெ பேனாவை மூடி வைத்தாள். உனக்குத் தெரியும், இந்தப் பிள்ளை நாலு பேர் முன்னால் தன் பெயரைக் கேட்டாலும் சிவந்துபோகும். மேசையைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, தன்னாலதான் ஆச்சுன்னு அண்ணன் இன்னிக்கும் நினைச்சிக்கிட்டுதானே இருக்கும்?" என்றாள். நான் வெளியே போய் வைக்கோல் போட்டேன், தேவைக்கு மேலேயே போட்டேன். உன்ரு உனக்குப் பதினாறு வருடம் செய்ததை நான் பன்னிரண்டு நாள் செய்திருக்கிறேன். அவரைத் தண்ணீருக்கு வெளியே நிறுத்த வேண்டும் என்று உன்னை உள்ளே பிடித்து அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். உள்ளே வந்து அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு இதைச் சொல்லத் தொடங்கினேன்.

என்னை நல்லவள் என்று நினைத்துக்கொள்ளாதே. நான் அவரை மன்னிக்கவில்லை, இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறேன். போன திருவிருந்தில் ரொட்டி என் வரிசைக்கு வந்தபோது சமாதானம் இல்லாதவள் தொடக் கூடாது என்று தட்டைக் கையால் தொடாமலே டீனாவிடம் போக விட்டேன், எல்லாரும் பார்த்தார்கள். இதை எழுதுவது உனக்காக, அவருக்காக அல்ல. நீ என்ன முடிவு சொன்னாலும் என் மகன்தான். வேண்டாம் என்றால் அது உன் உரிமை, நான் சந்தோஷப்படுவேன், இதையும் மறைக்க மாட்டேன். சம்மதம் என்றால் அவர் நனைந்து வெளியே வருவதைக் கரையில் நின்று பார்ப்பேன், முகத்தைத் திருப்ப மாட்டேன், அதற்கு மேல் என்னால் ஆகாது. ஆனால் முதலில் உன் நெஞ்சிலிருந்து அந்தப் பன்னிரண்டு பெயர்களை இறக்கி வை. அப்பா, தம்மைக் கொண்டுபோன அன்றைக்குப் போலீஸ் வண்டியில் ஏறும்போது உன் தலையில்தான் கை வைத்தார், என் தலையில் அல்ல. நீ பெயர் சொன்னது தெரிந்துதான் வைத்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

குளிரில் தலை மூடாமல் வெளியே போகாதே, ரெனாத்தெயைக் கடிந்து பேசாதே, ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது ஒரு ஜெபவீட்டின் கடைசிப் பெஞ்சிலாவது போய் உட்கார், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கர்த்தர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் வீட்டில் சமாதானம் தங்கட்டும். ஒன்றை மறக்காதே. கடிதம் வழியில் தாமதித்தால் நேரம் போய்விடும், தந்தி அடி. ஒரே ஒரு சொல் போதும். அதை என் பெயருக்கு அனுப்பாதே, மூப்பர் எப்பின் பெயருக்கு அனுப்பு. என் கைக்கு வந்தால் நான் அதை என்ன செய்வேன் என்று எனக்கே நிச்சயம் இல்லை.

உன்னைப் பெற்ற தாய்,
அகனேத்தா வீபெ
(எழுதியது சூசெ)