மெஷினுக்குள் இருந்த மணி

மார்ச் 2

"இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும், குழந்தை இப்போதுதான் தூங்கினாள்" என்று ஆரம்பித்து, முன்பின் தெரியாத ஒருவருக்கு நீளமாக மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். அனுப்பியபின் படித்துப் பார்த்தால் புகார் மாதிரி இருக்கிறது. புகார்தானே?

எண்பதுகளில் வந்து ஒரே வாரத்தில் பெட்டிக்குள் போன படம். பின்னணி இசை முழுக்க சிந்தசைசர். கேசட்டாகக்கூட வெளிவரவில்லை. அந்த இசையின் டேப் இசையமைப்பாளர் வீட்டு அலமாரியில் கிடைத்து, இப்போது ஒருவர் அதை இசைத்தட்டாகக் கொண்டுவருகிறார். இப்படி யாரிடமும் இல்லாத ஒலிப்பதிவுகளைத் தேடிப்பிடித்து வெளியிடுவதுதான் அவர் வேலை. முன்னோட்டமாக ஒரு துண்டை இணையத்தில் போட்டிருக்கிறார். கீழே, 'இசையும் சிந்தசைசர் ஒலிகளும்' என்று இசையமைப்பாளர் பெயர் மட்டும்.

அந்த ஒலிகளைச் செய்தது என் அம்மா.

மாஸ்டர், அதாவது அந்த இசையமைப்பாளர், மெட்டு எழுதித் தருவார். அந்த மெட்டு எந்தச் சத்தத்தில் வர வேண்டுமோ அதை மெஷினில் குமிழ் குமிழாகத் திருகி உண்டாக்கினது அம்மா. கண்ணாடி உரசுவது மாதிரி, தூரத்து ரயில் மாதிரி, முப்பத்திரண்டு சத்தம். ஸ்டூடியோவில் அவளுக்குப் பெயரே கிடையாதாம். 'சுவிட்சு' என்றுதான் கூப்பிடுவார்களாம். நான் பிறந்ததும் வேலையை விட்டாள். இப்போது நுரையீரல் போய், மூக்கில் குழாயோடு எங்கள் முன்னறையில் படுத்திருக்கிறாள்.

முன்னோட்டத்தைப் போட்டுக் காட்டினேன். அட்டைப் படத்தில் மாஸ்டருக்குப் பக்கத்தில் மெஷின்மேல் ஒரு கை மட்டும் தெரிகிறது, வளையலோடு.

"என் கைதான்டி. வயலின்காரி எல்லாம் மைக்ல கேக்கும்னு வளையலக் கழட்டணும். நம்மது ஒயர்ல போற சத்தம். குலுக்கிக்கிட்டே வாசிப்பேன்."

சிரித்து, இருமி, அடங்கி, மறுபடி கேட்டாள். முகம் சுருங்கியது.

"மணியக் காணோமே. மேல ஒரு மணி வெச்சிருந்தேன், பனித்துளி சொட்டுற மாதிரி. அத எடுத்துட்டானுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. பெயரையும் எடுத்து, மணியையும் எடுத்து... இரண்டையும் எழுதி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 5

பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். உரிமை மாஸ்டரின் மகனிடம் இருக்கிறது. அவர் சம்மதித்தால் பெயர் போடலாம். அவர் ஆதாரம் கேட்கிறார். அட்டை இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது.

கடைசியில்: "நாங்கள் எதையும் நீக்கவில்லை. அந்த உயர்ந்த மணி ஒலி முன்னோட்டம் முழுக்க இருக்கிறது. இதைச் செய்தவருக்கு அது தெரியாதா என்று இசையமைப்பாளரின் மகன் கேட்கிறார்."

மறுபடி போட்டுக் கேட்டேன். சிலுசிலுவென்று மேலே ஏதோ இருக்கிறது. அன்றைக்கும் கேட்டதுதான். அம்மா சொல்வது வேறு மணி என்று நினைத்தேன். வேறாகத்தானே இருக்க வேண்டும்? அவள் செய்தது அவளுக்குத் தெரியாதா?

மார்ச் 6

குட்டிக்கு ஜுரம். பல். அவள் மூச்சைப் பார்க்கிறேன், பிறகு முன்னறைக்குப் போய் அம்மா மூச்சைப் பார்க்கிறேன், பிறகு இங்கே.

மார்ச் 9

மெஷின் எங்கள் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. ஸ்டூடியோ மூடியபோது தூக்கிப் போட இருந்ததை அம்மா எடுத்து வந்தது. ரேடியோக்காரர் வந்து திறந்தார். பழைய ஆம்பிளிஃபயர் எல்லாம் பழுது பார்க்கிறவர். திறந்ததும் உள்ளே குனிந்து விரலால் எதையோ சுரண்டிப் பார்த்தார்.

"பேட்டரி செத்துப்போயிருக்கும்மா. சும்மா சாகல, கக்கிட்டு செத்திருக்கு."

அந்த பேட்டரி இருந்தவரைதான் அம்மா செய்த சத்தங்கள் ஞாபகத்தில் இருக்குமாம். புதிது போட்டார். மெஷின் உயிர் பெற்றது. ஒவ்வொரு எண்ணாக அமுக்கினார். எல்லாவற்றிலும் ஒரே 'கொர்'.

"பொறந்த கொழந்த மாதிரி ஆயிடுச்சு. ஒண்ணும் தெரியாது இதுக்கு."

நான் அழுதுவிடுவேன் என்று பயந்தாரோ என்னவோ, கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார்: "அந்தக் காலத்துல கேசட்ல ஒரு நகல் எடுத்து வெப்பாங்க. பாட்டு இல்ல, சத்தங்களோட கணக்கு. டேப்ல போட்டா கீச்சுனு கத்தும். கெட்டுப்போன கேசட்னு தூக்கிப் போட்டுடாதீங்க."

மார்ச் 10

நகல் எடுத்தாயா என்று அம்மாவிடம் கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பி, "ஞாபகம் இல்ல" என்றாள். ஆக்சிஜன் மெஷின் அரைச் சுருதி இறங்கிப் பாடுகிறது என்று நேற்று சொன்னவள்.

மார்ச் 12

இவரோடு சண்டை. சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. ஷிப்ட் முடிந்து வந்த மனுஷன், வீடு முழுக்க நான் கேசட் தேடி இறக்கின அட்டைப்பெட்டிகளைப் பார்த்துவிட்டு நிலைப்படியிலேயே நின்றார்.

"உங்க அம்மா கேட்டாங்களா இத? இல்ல நீயா?"

"அவங்க எப்போ எதக் கேட்டாங்க?"

"அதத்தான் சொல்றேன்."

குட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை, அதனால்தான் கோபம். அம்மாவுக்காகவா செய்கிறேன்? நானும் வேலையை விட்டு எட்டு மாதம். நான் பாதி செய்து வைத்த வேலையை இன்னொருத்தி தன் பெயரில் முடித்திருப்பாள். யாராவது என்னைப் பற்றிக் கேட்பார்களா? சே, இது வேறு, அது வேறு. வேறுதானா?

மார்ச் 14

கிடைத்தது.

என் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் இருந்த தகரப் பெட்டியில், என் முதல் சட்டைக்கு உள்ளே சுற்றி வைத்திருந்தாள். கேசட்டில் அம்மா கையெழுத்து: '1 – 32'. அவ்வளவுதான். ரேடியோக்காரர் விட்டுப்போன டேப்ரெக்கார்டரில் போட்டேன்.

கீச்சென்று கத்தியது! காதைக் கிழிக்கிற, அழகே இல்லாத, பிசாசு மாதிரி ஒரு கத்தல். அதைப் போல் இனிமையாக நான் எதையும் கேட்டதில்லை. குட்டியைத் தூக்கிச் சுற்றினேன். ஜெயித்துவிட்டோம்டி எலிக்குட்டி என்று அவள் காதில்—

டக்.

கத்தல் நின்றது. பிறகு ஒரு அறை. நாற்காலி இழுபடும் சத்தம். இளவயதுக் குரல் ஒன்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு: "இன்னொரு தரம். இன்னொரு தரம் சிரி. அம்மாவுக்கு ஒரே ஒரு தரம்."

ஒரு குழந்தை சிரிக்கிறது.

நான்.

அந்தப் பக்கம் முடியும் வரைக்கும், மிச்சக் கணக்கை அழித்து, நான்தான். சிரிக்கிறேன், அழுகிறேன், ங்கா என்கிறேன்.

மார்ச் 15

ரேடியோக்காரரிடம் எடுத்துப் போனேன். இருக்கிறவரைக்கும் மெஷினுக்குள் ஏற்ற முடியாதா? நாலைந்து தடவை முயன்றார். ஒவ்வொரு தடவையும் மெஷின் 'தவறு' என்று விளக்கைக் காட்டியது.

"முழுசா இருந்தாத்தான் வாங்கிக்கும்மா. பாதி குடுத்தா துப்பிடும்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேவிட்டேன். ஏம்மா? வேற கேசட்டே இல்லையா?

"கடைக்குப் போய் வாங்கிட்டு வர்றதுக்குள்ள நீ நிறுத்திட்டா?"

"உன் முப்பத்திரண்டு சத்தம்மா அது!"

"மெஷின்ல இருக்குன்னு நெனச்சேன்டி. பேட்டரி சாகும்னு எவ கண்டா?" மூச்சு வாங்கினாள். குழாயைச் சரிசெய்தேன். கையைத் தட்டிவிட்டாள். "அந்தச் சத்தம் நான் பண்ணது. மறுபடி பண்ணிக்கலாம். நீ முதல்ல சிரிச்சத மறுபடி பண்ண முடியுமா?"

இத்தனை நாள் பெயரைத் திருடினவனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒரு வார்த்தை பிடித்துக்கொண்டேன். மறுபடி பண்ணிக்கலாம்.

மார்ச் 18

இன்று பகல் பூராவும் வீட்டுக்கு யாரும் வராமல் பார்த்துக்கொண்டேன். இவர் விடுப்பு எடுத்து, மெஷினைத் தூக்கி, அம்மா மடிக்கு நேராகப் பலகைமேல் வைத்துக் கொடுத்தார். 'நீயா, அவங்களா' என்று இந்தத் தடவை கேட்கவில்லை. போனில் படம்பிடிக்கச் சொன்னேன். அம்மா அந்த மணியைக் கேமரா முன்னால் செய்து காட்டிவிட்டால் போதும். அதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்?

அம்மா வளையல் கேட்டாள். கை மெலிந்து முழங்கை வரைக்கும் ஏறிக்கொண்டது. குமிழில் விரல் வைத்ததும் எனக்குத் தெரியாத ஒருத்தி ஆனாள். "இத மூடு. இத பாதி திற. இல்ல, நானே." கொர் என்ற சத்தம் கூழாகி, காற்றாகி, மெல்ல மெல்லக் கெட்டியாகி... வந்துவிட்டது. மணி! முன்னோட்டத்தில் இருந்த அதே பனித்துளி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவரும் போனுக்கு மேலாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வந்துடுச்சும்மா!"

"எங்க வந்துது?" அம்மா குமிழை இன்னும் திருகினாள். "மந்தமா இருக்கு. இன்னும் தொறக்கணும்."

"அம்மா, போதும், இதுதான்."

"சும்மா இருடி, எனக்குத் தெரியாதா." இன்னும் திருகினாள். மணி ஊசியானது. ஊசி கம்பியானது. அடுத்த அறையில் குட்டி விழித்து வீறிட்டாள். இவர் போனை இறக்கிவிட்டு ஒரு காதைப் பொத்திக்கொண்டார். அம்மா மட்டும் தலையைச் சாய்த்து, பொறுமையாக, ஒன்றுமே இல்லாத இடத்தில் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

விரலை எடுத்தாள். "கத்துதா?"

இவர் காதிலிருந்து கையை எடுத்தார்.

"அவனுங்க எடுக்கல," என்றாள். "இருக்கு. எனக்குத்தான் இல்ல."

பிறகு, "போ, போய்க் கொழந்தயத் தூக்கு" என்றாள்.

மார்ச் 19

அந்தப் படப்பதிவை நான் அனுப்பவில்லை. அனுப்பினால் அந்த மகன் பார்ப்பார். ஒரு கிழவி தன் சத்தம் தனக்குக் கேட்காமல் திருகிக்கொண்டே இருப்பதை.

அனுப்பியிருக்க வேண்டுமோ?

மார்ச் 20

அட்டை அச்சுக்குப் போய்விட்டது. பதிப்பாளர் இறுதிப் படத்தை அனுப்பியிருந்தார். படத்தை ஓரத்தில் கொஞ்சம் வெட்டியிருக்கிறார்கள். கை இல்லை.

அம்மாவுக்குக் காட்டவில்லை. அவளும் கேட்கவில்லை.

மார்ச் 24

சாப்பாடு இறங்கவில்லை. மருத்துவர் வந்தார், நாடி பார்த்தார், ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார். இன்னும் எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போகும்போது குட்டியின் கன்னத்தைத் தட்டி, "பாட்டி மாதிரியே மூக்கு" என்றார்.

மதியம் அந்த கேசட்டைப் போடச் சொன்னாள். கத்தலைத் தாண்டி வை என்றாள். நான் சிரிப்பது மட்டும் அவளுக்குக் கேட்கிறதாம். கண்ணை மூடிக்கொண்டே, "சுருதி சுத்தமா இருக்கு பாரு" என்றாள். அவள் மடியில் குட்டி, டேப்பில் சிரிக்கிற குழந்தை யாரென்று தேடிப் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 27

பதிப்பாளருக்கு இன்று எழுதியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். திருத்தாமல்.

"ஐயா, மணி ஒலியை நீக்கிவிட்டீர்கள் என்று நான் எழுதியது தவறு. அது இருக்கிறது. என் அம்மாவின் காதுக்கு இப்போது உயர்ந்த ஒலிகள் எட்டுவதில்லை. அது இத்தனை நாள் எங்கள் யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. மாஸ்டரின் மகனிடம் இதைச் சொல்லிவிடுங்கள். பெயர் விஷயத்தை இனி நான் எழுப்பவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். படத்தின் கடைசியில் ரயில் வரும் இடத்துக்கு, ரயிலே இல்லாமல், மெஷினிலேயே அடித்தொண்டையில் ஒரு ரயில் செய்ததாக அம்மா சொல்கிறாள். முன்னோட்டத்தில் அந்தப் பகுதி இல்லை. தாழ்ந்த ஒலி என்பதால் அது அவளுக்குக் கேட்கும் என்று நினைக்கிறேன். படம் வந்த வாரத்துக்குப் பிறகு அவள் அதைக் கேட்டதே இல்லை. இசைத்தட்டு வெளிவரும்வரை அவளால் காத்திருக்க முடியாது. அந்தத் துண்டை மட்டும் எனக்கு அனுப்ப முடியுமா? வெளியில் யாருக்கும் தர மாட்டேன்.

தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்."