வெறும் தட்டு

மகளின் வாப்பாவுக்கு ஸலாம்.

சுகமாகக் கண்டிக்கு வந்து சேர்ந்தேன். அக்குறணையில் என் கூடப்பிறந்த மூத்தவள், தாத்தா வீட்டில்தான் இருக்கிறேன். "ஆட்சியும் மாறிட்டு, சனமும் மாறிட்டு, நீயும் மறந்துடு தங்கச்சி" என்று காலையும் மாலையும் சொல்கிறாள். நான் தலையாட்டுகிறேன்.

கடை எரிந்த அன்று அள்ளிக்கொண்டு ஓடிவந்த மூட்டையில் நம் பக்கத்து வீட்டு விமலசேன கொடுத்த தட்டும் இருந்ததே, நினைவிருக்கிறதா? சிங்கள வருஷத்துக்குப் பலகாரம் வைத்து அனுப்பியது. பெருநாளுக்கு நம் வட்டிலப்ப இனிப்பு வைத்துத் திருப்பிக் கொடுக்க இருந்தோம். தாத்தாவின் அலுமாரியில் அப்படியே கிடந்தது.

பெருநாளாகிய இன்று அதைக் கழுவி, துணியால் மூடி விமலசேன வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். எரிக்க வந்த கூட்டத்துக்கு நம் கடையைக் கைகாட்டிவிட்ட அந்த மனுஷன் வாசலுக்கே ஓடிவந்தார். "இப்ப நாங்க எல்லாரும் ஒண்டுதானே" என்று சிங்களத்தில் சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. "உங்க அவர் கையால செஞ்ச வட்டிலப்பம் தின்டு எவ்வளவு காலம்!" என்று தன் மகளையும் மருமகனையும் கூப்பிட்டார். அவர்கள் வந்த பிறகுதான் தட்டை மேசையில் வைத்தேன்.

துணியை அவரே விலக்கினார். உள்ளே ஒன்றுமில்லை.

"என்ன இது?"

"எங்களுக்கு நீங்க மிச்சம் வெச்சது" என்றேன்.

"இவங்க என்ன சொல்றாங்க தாத்தே?" என்று மகள் தகப்பனைக் கேட்டாள். அவர் வாய் திறப்பாரா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். துணியை எடுத்துத் தட்டை மறுபடியும் மூடினார்.

எரிகிற கடையின் ஷட்டரைப் பிடித்த உங்கள் கைகள் எப்படி? விரல் மடங்குகிறதா? மகளை எண்ணெய் தடவச் சொல்லுங்கள்.

அந்த வீட்டில் இன்று யாருக்கும் சோறு இறங்கியிருக்காது. நான் இரண்டாம் தடவையும் போட்டுத் தின்றேன்.

மகளின் உம்மா