வீட்டுக்குக் கொண்டுபோன டிஸ்க்

இன்று காலை கற்பிட்டியில் ஒரு கருவாட்டு வியாபாரியின் அலுவலகத்தில் பழைய சேர்வர் ஒன்றின் மூடியைக் கழற்றினேன். உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. உப்புக் காற்றுத் தின்ற இரும்பின் வாடை முகத்தில் அடித்தது. நாம் இருவரும் வேலை செய்த பழைய அறையில் எந்நேரமும் இருந்த அதே வாடை. புதிதாக ஒன்று வாங்கினால் போதாதா, இரண்டு எதற்கு என்று வியாபாரி கேட்டார். அந்தக் கேள்வியோடு நீங்கள் வந்துவிட்டீர்கள், கூப்பிடாமலே.

நீங்கள் மௌத்தாகி, அடக்கமாகி நாற்பது நாள் கழிந்துவிட்டது. ஊரில் எல்லோரும் உங்களைப் பற்றி நல்லதையே சொல்கிறார்கள். அவர்களோடு நான் வழக்காடப் போவதில்லை. சொல்ல வேண்டியதை உங்களிடமே சொல்கிறேன்.

நாம் இருவரும் அந்த இறால் கம்பனியில் ஒரே மாதத்தில்தான் சேர்ந்தோம். யுத்தம் முடிந்து பாதைகள் திறந்து, வடக்கிலிருந்தும் இறாலும் நண்டும் லொறி லொறியாக வரத் தொடங்கிய காலம். உப்புநீர்க் களப்போரத்தில் இருந்த அந்தச் சின்ன அறையில் நாலு சேர்வர்கள். ஒன்று குளிரறைகளின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்து, கூடினால் மணியடிக்கும். ஒன்று எந்தக் குளத்து இறால் எந்தப் பெட்டிக்குள் போனது என்பதை வைத்திருக்கும். மற்றது ஏற்றுமதிக் கடதாசிகளுக்கு, நாலாவது மின்னஞ்சலுக்கு. நாலும் பழசு. ஒன்று படுத்தால் அதன் வேலை முழுக்கப் படுத்துவிடும். பக்கத்தில் இருப்பதோ பாதி நாள் வேலையில்லாமல் சும்மா இரைந்துகொண்டிருக்கும். நீங்கள் என்னைவிட நாலு வயது மூத்தவர். அண்ணன் முறை வைத்து நான் உங்களை ‘நானா’ என்றேன். நீங்கள் என்னைத் தங்கச்சி என்றீர்கள். இப்போது அந்தச் சொற்களை நினைத்தால் வாய் கசக்கிறது.

நாலையும் ஒரே பெரிய மெஷினுக்குள் மெய்நிகர் சேர்வர்களாக ஓட வைக்கலாம் என்பது என் யோசனை. ஒன்பது பக்கத்தில் எழுதினேன். ஒவ்வொரு சேர்வரும் சில கோப்புகளாக மாறிவிடும். அந்தக் கோப்புகளை நகலெடுத்து வேறு மெஷினில் திறந்தால், எதுவும் நடக்காததுபோல அங்கே எழுந்து வேலை செய்யும். பெரிய மெஷினே செத்துப்போனால் நாலும் ஒன்றாகப் போகும் என்பதால், கம்பனியின் பாலாவிக் களஞ்சியத்தில் இரண்டாவது மெஷின் ஒன்று ஆயத்தமாக நிற்க வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன். வாசித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனீர்கள்.

முதலாளியின் மேசையில் அடுத்த கிழமை அதை விரித்தபோது, ‘நான் யோசிச்சது ஹாஜியார்’ என்று தொடங்கினீர்கள். நான் உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அது என் பிழை, அதை நான் உங்கள் தலையில் போடவில்லை.

முதலாளிக்கு விளங்கவில்லை. ஒரு மெஷின் எப்படி நாலாகும் என்று கேட்டார். நீங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: “இப்ப நாலு குடும்பத்துக்கு நாலு வளவு, நாலு கிணறு. ஒரு மாடி வீட்டக் கட்டி நாலு பேரையும் வெச்சா ஒரு கிணறு காணும் ஹாஜியார். கதவு மட்டும் தனித்தனி. ஒரு வீட்டுச் சண்ட மத்த வீட்டுக்குக் கேக்காது.”

முதலாளி சிரித்தார். ஒன்பது பக்கத்தில் நான் சொல்ல முடியாததை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டீர்கள். இன்று வரை வாடிக்கையாளர்களுக்கு நான் அதைத்தான் சொல்கிறேன். காலையில் கருவாட்டு வியாபாரிக்கும் சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்வதில்லை. என் ஒன்பது பக்கத்துக்கு நீங்கள் என் பெயரைச் சொன்னீர்களா?

பிறகு முதலாளி கடைசிப் பக்கத்தைப் புரட்டி, இந்த இரண்டாவது மெஷின் கட்டாயமா என்று கேட்டார். என் பக்கம் திரும்பாமலே, ஒண்டு காணும், ரெண்டாவது தேவையில்ல என்று சொன்னீர்கள். வெளியே வந்ததும் நான் சத்தம் போட்டேன். ரெண்டு கேட்டால் ஒன்றும் கிடைக்காது என்று சமாதானம் சொன்னீர்கள். அதோடு இதையும் சொன்னீர்கள்: “கிழமைக்கொரு தரம் எல்லாத்தையும் டிஸ்கில எடுத்து உங்கட வீட்டுக்குக் கொண்டு போங்க தங்கச்சி. இங்க வெச்சா இதுவும் சேந்து போயிரும். எண்ட வீட்டில சின்னப் புள்ளைகள், தட்டி விழுத்திருவாங்க.”

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொண்டு போனேன். உம்மாவின் அலுமாரியில், சீலைகளுக்கு நடுவில் வைத்தேன்.

புதிய மெஷின் நன்றாகத்தான் ஓடியது. ஐஸ் தொழிற்சாலை தொடங்கியபோது அதற்கென்று எதுவும் வாங்காமல், இருந்த மெஷினுக்குள்ளேயே ஐந்தாவது சேர்வரை அரை மணித்தியாலத்தில் உண்டாக்கினோம். முதலாளி உங்கள் தோளில் தட்டினார். வாசலில் உங்களுக்குக் கம்பனி வேன் நிற்கத் தொடங்கியது.

அந்த ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை காலை இடி விழுந்தது. மெஷின் கருகிவிட்டது. குளிரறை மணி இல்லை, பெட்டி விவரம் இல்லை, கடதாசி இல்லை. வாசலில் கொள்கலன் லொறி நிற்கிறது. விவரம் இல்லாமல் போனால் வாங்குபவர் முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுவார். குளிரறைகளுக்கு முன்னால் பெண் பிள்ளைகள் கையில் வெப்பமானியோடு நின்றார்கள். நான் முச்சக்கரவண்டி பிடித்து வீட்டுக்குப் போய் டிஸ்க்கை எடுத்து வந்தேன். ஏற்றுமதிப் பிரிவில் இருந்த பெரிய கணினியில் அதைச் செருகி ஒவ்வொன்றாகத் திறந்தேன். முதலில் குளிரறை. பிறகு பெட்டிகள்; டிஸ்க்கில் இல்லாத ஆறு நாள் விவரத்தைப் பெட்டி கட்டும் பிள்ளைகளின் கொப்பிகளைப் பார்த்து அடித்தேன். பிறகு கடதாசி. பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்னால் லொறி புறப்பட்டுவிட்டது. கதிரையில் சாய்ந்து நான் அழுதேன். நீங்கள் எனக்குத் தேநீர் கொண்டு வந்து தந்தீர்கள்.

சனிக்கிழமை முதலாளி நம் இருவரையும் கூப்பிட்டார். அந்த மாதம் நம் வாங்குபவர் ஒருவரை வேறொரு கம்பனி இழுத்துவிட்டது. விவரம் எப்படி வெளியே போனது என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். அந்த டிஸ்க் எங்கே இருந்தது என்று கேட்டார். வீட்டில் என்றேன். முகம் மாறியது.

“கம்பனிச் சாமான வீட்டுக்குக் கொண்டு போகச் சொன்னது யாரு?”

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“எனக்குத் தெரியாது ஹாஜியார்” என்றீர்கள். “நான் அப்பிடிச் சொல்லயில்ல.”

உரத்துக்கூடச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல இருந்தது. எழுத்தில் எதுவும் இல்லை. கம்பனியைக் காப்பாற்றிய டிஸ்க்கே நான் கள்ளி என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. அன்றே என்னை வேலையை விட்டு அனுப்பினார்கள்; என் பையை வாசலில் காவலாளி திறந்து பார்த்தான். அடுத்த வெள்ளிக்கிழமை வாப்பா ஜும்ஆவுக்குப் போய்வந்து சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டார். பள்ளிவாசல் முற்றத்தில் என்ன கேட்டாரோ, சாகும்வரை என்னிடம் சொல்லவில்லை.

புத்தளத்தில் யாரும் எனக்குக் கணினி வேலை தரவில்லை. சிலாபத்தில், ஊர் ஊராகச் சேர்வர் பூட்டிக் கொடுக்கும், சிங்களம் மட்டும் கதைக்கிற ஓர் அலுவலகத்தில் கிடைத்தது. காலையில் பாலாவிச் சந்தியில் பஸ் நிற்கும்போது உங்கள் வேன் கற்பிட்டிப் பாதைக்குத் திரும்பும். ஜன்னலோரம் நீங்கள். ஒரு நாள் நம் கண்கள் சந்தித்தன. தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டீர்கள். அது அடித்திருக்காது என்று எனக்குத் தெரியும். அதைத்தான் நான் அதிகம் வெறுத்தேன், பொய்யைவிட.

எட்டு வருடம் அப்படிப் போனது. பிறகு உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது என்று செய்தி வந்தது. மையித்து வீட்டுக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். உம்மா போகச் சொன்னார். பெண்களோடு உள்ளறையில் இருந்தேன். இடி விழுந்த அன்று கம்பனியை நீங்கள் காப்பாற்றிய கதையை ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே உங்கள் மூத்த நானா ஒலிபெருக்கியில், என் தம்பி யாருக்காவது பிழை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். வெளியே பலபேர் ஓம் என்றார்கள்.

உங்கள் மனைவி என் பக்கத்தில் வந்து இருந்தார். என் கையைப் பிடித்தார்.

“உங்களுக்கும் ஏதும் செஞ்சிருந்தா பொறுத்துக் கொள்ளுங்க.”

“என்ன செஞ்சாரெண்டு தெரியுமா ராத்தா?” என்று கேட்டேன்.

அவர் “தெரியும்” என்றார். “அண்டைக்கு வேலையால வந்த உடனயே சொன்னார். திங்கக்கிழம போய் உண்மயச் சொல்றன் எண்டார். பொறகு நானும் கேக்கயில்ல. புள்ளைகள் சின்னன்.”

நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். கோழை மறந்துவிடுவான், அதனால் நிம்மதியாக இருப்பான் என்று. நீங்கள் மறக்கவில்லை. எல்லாத் திங்கட்கிழமையும் உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அந்த வேனில், அந்த ஜன்னலோரத்தில், தெரிந்துகொண்டே போயிருக்கிறீர்கள்.

நான் கையை இழுக்கவில்லை. “இப்ப ஏலாது ராத்தா” என்றேன். அவர் தலையை ஆட்டினார். வெளியே உங்களைத் தூக்கினார்கள்.

மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர்தான் பொறுக்க வேண்டும் என்று நாம் ஓதிப் படித்திருக்கிறோம். அன்று முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் தங்களிடம் இருந்த மன்னிப்பைக் கொடுத்துவிட்டார்கள். என்னிடம் இருப்பது மட்டும் பாக்கி. ஒவ்வொரு நாளும் தொழுது முடித்துக் கையேந்தும்போது மௌத்தானவர்களுக்காகக் கேட்கும் இடம் வருகிறது. உங்கள் பெயர் நாக்கு வரை வருகிறது.

இன்றைக்கும் நான் அதைச் சொல்லவில்லை.