பால் சொசைட்டி வாசலில் திடீர் நாடகம்

மார்ச் 1, ஞாயிறு

காலையில் பனி. எட்டு மணிக்கே வெயில். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பேருந்தில், பாதி வழி நின்றபடி. பிறகு இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கைக்காரர், ஏதோ அலுவலகத்தில் வேலை.

"என்னா சார், ரிட்டயர்டு ஆயிட்டு நாடகமா? வசனம்லாம் மனப்பாடம் நிக்குதா?"

"வசனமே கெடையாதுங்க. பாக்க வந்தவங்க ஒரு நெலமையச் சொல்லுவாங்க. நாங்க அங்கயே நடிப்போம்."

"தப்பாப் பூட்டா?"

"போனா போச்சு."

"அட, எங்க ஆபீசு மாதிரியே."

முண்டியம்பாக்கம் வரை தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார்.

பயிற்சிக்கு ஏழு பேர். குழுத் தலைவி சுகந்தி (ஆஸ்பத்திரி லேப்பில் வேலை) இன்று கண்டிப்பாகப் பேசினாள். "நம்ம வூட்டு ஆளுங்களே வந்து கை தட்டிக்கினு இருந்தா எப்பிடி சார்? ஜனங்க இருக்கற எடத்துக்கு நாமதான் போவணும்." யோசனைகள் எழுதி வரும் பொறுப்பு எனக்கு. வாத்தியாருக்கு வீட்டுப்பாடம்.

முட்டிக்குத் தைலம் வாங்க மறந்தேன்.

மார்ச் 3, செவ்வாய்

யோசனைகள்:

- ஷேர் ஆட்டோ நிறுத்தம். முருகேசன் அங்கே ஆட்டோ ஓட்டுகிறான், நம் குழு ஆள். ஆனால் ஆள் சேர்ந்ததும் ஆட்டோ கிளம்பிவிடும். நாடகம் பாதியில் நிற்கும்.

- கமிட்டி (ஒழுங்குமுறை விற்பனைக் கூடம்). மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டையை இறக்கிவிட்டு, விலை போடும் வரை விவசாயிகள் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம்.

- பள்ளிகளில் பெற்றோர் கூட்டம். முடியும் வரை எல்லோரும் பயந்துபோய் இருப்பார்கள். முடிந்ததும் ஓடிவிடுவார்கள்.

- தேவாலய வளாகம். தவக்காலம் முடியட்டும்.

மனைவி பிலோமினாவிடம் படித்துக் காட்டினேன். கேப்பை அடை தட்டிக்கொண்டே கேட்டாள். "என்னா வெல போடுவானோன்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கினு ஒக்காந்திருக்கறவங்கிட்ட போயி நாடகமா? நல்லா குடுப்பான்." கமிட்டியைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். இவள் குழுவில் இருந்திருக்க வேண்டியவள். கேட்டால், "ஒங்களோட குடும்பம் நடத்தறதே திடீர் நாடகந்தான்" என்கிறாள்.

அடை நன்று. தவக்காலத்துக்குக் காபியை விட்டதால் வந்த பதினைந்து நாள் தலைவலி இன்று இல்லை.

மார்ச் 5, வியாழன்

வி.புரம் போனேன், தைலம் சாக்கு. கலா வேலை செய்யும் ஜெராக்ஸ் கடையில் அரை மணி. குழுவில் எனக்குப் பிடித்த நடிகை. கெடாரில் வாழ்க்கைப்பட்டவள், கணவன் சென்னையில் கம்பெனி வேலை, சின்னப் பிள்ளை ஒன்று. மேடையில் நின்றால் பயம் என்பதே கிடையாது. கடையில் நின்றால் முதலாளி கூப்பிடும்போதெல்லாம் நடுங்குகிறாள்.

என் யோசனைகளைக் கேட்டுவிட்டு அவள் ஒன்று சொன்னாள். "எங்க ஊரு பால் சொசைட்டிக்கு வாங்க சார். சாயந்தரம் பால் ஊத்த எல்லாரும் வருவாங்க. ஊத்திட்டு உடனே போவ மாட்டாங்க, நின்னு ஊர்க்கதை பேசிக்கினு இருப்பாங்க." எவ்வளவு சரியான இடம்! கூட்டத்தை நாம் கூட்டவே வேண்டாம்.

பிறகு குரலை இறக்கினாள். "சனிக்கெழமையே வெச்சிக்கலாம் சார். எங்க மாமனாரு வந்து பாக்கறேன்னு சொல்லிக்கீறாரு. 'ஒரு வாட்டி பாத்துட்டுச் சொல்றேன், நீ போறதா வேணாமான்னு.' அவரு வேணாம்னா அவ்ளோதான். ஞாயித்துக்கெழம இல்லன்னா எனக்கு வேற என்னா சார் இருக்குது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பேருந்தில் திரும்பும்போது அந்தக் கடைசிக் கேள்வி கூடவே வந்தது.

தைலம் வாங்கியாயிற்று.

மார்ச் 7, சனி. கெடார்

வீடு திரும்பிக் குளித்து இதை எழுதுகிறேன்.

கேனும் தூக்குவாளியுமாக நல்ல கூட்டம். மாட்டை ஓட்டிக்கொண்டே வந்து நின்ற ஒருவர் கடைசி வரை போகவில்லை. கலாவின் மாமியார் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி சுவரோரம். மாமனார் முன் வரிசையில், தோளில் மடித்த துண்டு. முதல் நாடகம் (மாப்பிள்ளை பார்க்க வந்த இடத்தில் கரண்ட் போய்விடுகிறது) அருமை.

இரண்டாவதற்கு நிலைமை கேட்பது என் வேலை. பின்னாலிருந்து ஒரு குரல்: "அண்ணன் தம்பி ரெண்டு பேரு, கெணறு ஒண்ணு, மோட்டாரு ஒண்ணு!" கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பே எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். முப்பது வருடம் வகுப்பில் எந்தப் பதில் வந்தாலும் "பலே" என்று சொன்ன வாய். "பலே, அருமையான நிலைமை!" என்று உரக்கத் திருப்பிச் சொன்னேன்.

சொன்னபின் கலாவின் முகத்தைப் பார்த்தேன். புரிந்துவிட்டது. அவள் மாமனாரும் அவர் தம்பியும்தான். விவரம் பிறகு ஊர்க்காரர்கள் சொன்னது: முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். அண்ணன் முறையில் கரண்ட் போனால் அந்த நேரம் யார் கணக்கில் என்று தகராறு, பேச்சே இல்லையாம். தம்பியும் அங்கேதான், பால் கேனின்மேல் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரைத் தவிர ஊரே சிரித்துக்கொண்டிருந்தது.

எங்கள் குழுவில் ஒரே ஒரு விதி: வந்ததை மறுக்கக் கூடாது, வாங்கிக்கொண்டு மேலே ஒன்று சேர்க்க வேண்டும். ஊஞ்சல் ஆட்டுவது போல. வருகிற வேகத்தோடு சேர்ந்து தள்ளினால் உயரும். எதிரே கை வைத்தால் நிற்கும். முருகேசனுக்கும் சுகந்திக்கும் விஷயம் தெரியாது. அவன் அண்ணனாகிவிட்டான். இவள் தலையில் துண்டைக் கட்டித் தம்பி.

"டேய், எம்முறையில மோட்டார நிறுத்துனவன் எவன்டா?"

"கரண்டு நின்னா நான் நிறுத்துனதா? போயி ஈபிகாரனக் கேளு!"

கலா எந்தப் பக்கம் போவாள்? அண்ணன் பக்கம் பேசினால் தம்பி வீட்டுப் பகை. தம்பி பக்கம் பேசினால் ஞாயிற்றுக்கிழமை போயிற்று. பேசாமல் நின்றால் விதி போயிற்று. நடந்து வந்தாள், இரண்டு பேருக்கும் நடுவில் குந்தி உட்கார்ந்தாள், "உர்ர்ர்ர்" என்று உறுமத் தொடங்கினாள்.

மோட்டார்!

"கரண்டு இருக்கறப்ப ரெண்டு பேரும் வரப்புல நின்னு சண்ட போட்டுக்கினு கீறீங்க. கரண்டு பூட்டா ரெண்டு பேரும் வந்து என்ன ஒதைக்கிறீங்க. இப்பிடி ஒதை வாங்க நான் யாருக்குத்தான்யா தம்பி?"

அப்படி ஒரு சிரிப்பை நான் பள்ளி ஆண்டு விழாவில்கூடக் கேட்டதில்லை. கேன்மேல் இருந்த தம்பி தொடையைத் தட்டிச் சிரித்தார். கைதட்டல் அடங்கும் முன்பே மாமனார் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். யாரையும் பார்க்காமல் நடந்து போனார்.

கலா உறுமுவதை நிறுத்தவில்லை. முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மார்ச் 8, ஞாயிறு

வெயில். பயிற்சி. கலா வரவில்லை. போன் எடுக்கவில்லை. முருகேசன் உடைந்துபோய் உட்கார்ந்திருந்தான். "தெரிஞ்சிருந்தா நான் அண்ணனா நின்னிருப்பனா சார்? பேஜாராப் போச்சு." சுகந்தி, இனி எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ஊர்ச் சண்டைகளை விசாரிக்க வேண்டும் என்கிறாள். விசாரித்துக்கொண்டு போனால் அது திடீர் நாடகமா?

கலாவின் எண்ணிலேயே மறுபடி கூப்பிட்டு அவள் மாமனாரிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று இருந்தேன். பிலோமினா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அவரு கோவமாக்கீறார்னு யார் ஒங்களுக்குச் சொன்னது? எழுந்து போனாரு. அவ்ளோதான தெரியும்?"

அவ்வளவுதான் தெரியும். ஆனாலும் சோறு இறங்கவில்லை. சுரைக்காய்க் கூட்டு, எனக்குப் பிடித்தது.

மார்ச் 10, செவ்வாய்

தண்ணீர் வரி கட்டினேன். கண்ணாடிக்கு மூக்கு ரப்பர் மாற்றினேன். மதியம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"சார், கெடார்லருந்து பேசறன். கலாவோட மாமனாரு."

நாற்காலி தேடினேன். "சொல்லுங்கய்யா."

"அந்த மோட்டாரு பேசிச்சே, அன்னிக்கி."

"ஆமாங்க."

"நல்லாத்தான் பேசிச்சு. ஆனா கரண்டு போன நேரத்த நான் பாதிக்குப் பாதி கழிச்சிக்கலாம்னுதான் கேட்டன் சார். அத அண்ணனா நின்ன உங்காளு சொல்லவேயில்ல. ஊரு முச்சூடும் என் தம்பிக்காரன் பக்கம் கை தட்டுது."

"ஆமாங்க, அத நாங்க சேத்திருக்கணும்."

"அதான. அடுத்த வாட்டி பெரியவனுக்கும் நாலு வார்த்த குடுங்க. கலாகிட்ட எல்லாத்தயும் வெவரமாச் சொல்லிக்கீறன். ஞாயித்துக்கெழம வந்து ஒங்ககிட்ட சொல்லும்."

உடனே சுகந்திக்குச் சொன்னேன். முருகேசனுக்குச் சொன்னேன், ஆட்டோ ஹாரனை அடித்துக் காட்டினான். பிலோமினா துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை.

"அடுத்து தம்பிக்காரரு போன் பண்ணுவாரு, பாருங்க."