சட்டியில் நீந்திய கெளுத்தி

அண்ணா,

இன்று காலை கல்மண்டபம் மார்க்கெட்டில், மீன்காரியின் தொட்டியில் கிடந்த கெளுத்தி ஒன்று வாலால் அடித்து என் முகமெல்லாம் தண்ணீர் தெளித்தது. சிரித்துவிட்டேன், உன்னை நினைத்துத்தான். நீ போன பிறகு இப்படித்தான், நினைக்காத நேரத்தில் வந்து நிற்கிறாய்.

வெள்ளைக்காரன் போன மறுவருஷம். கட்டுமரத்தை நைனாவிடம் விட்டுவிட்டு நீ ஹார்பரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தாய். சாயங்காலம் வலைக்குச் சிக்கெடுக்கும்போது உதட்டுக்குள் ஏதோ முணுமுணுப்பாய். துளைத்துத் துளைத்துக் கேட்டேன். "வணங்கத் தகுந்தவன் அல்லா ஒருத்தன்தான், முகமது நபி அவனோட தூதர். இத நாலு பேர் முன்னால மனசாரச் சொல்லப் போறேன். அம்மாகிட்ட நானே பேசிக்கிறேன், நீ வாயத் தொறக்காத" என்றாய். ஊர் வம்பெல்லாம் சுமக்கும் என் வாய் அன்று மட்டும் திறக்கவில்லை.

பள்ளிவாசலில் குளித்து, நாலு பேர் முன்னால் அந்தக் கலிமாவைச் சொல்லிவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னாய். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். நீயும் சங்கடப்பட்டு ஹார்பர் தோஸ்து வீட்டிலேயே தங்கிவிட்டாய். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி, "அவங்க ஓதி அறுத்தத்தான் துன்னுவாங்க. இனிமே உன் கைச்சோறு அவனுக்கு ஆவாது" என்று கொளுத்திப் போட்டாள். சாமி மாறியதைக்கூட அம்மா தாங்கிக்கொண்டாள். இதைத்தான் தாங்கவில்லை. "எம் புள்ள என் கையால ஒரு வாய் துன்ன மாட்டானாடி?" என்று என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நீ வாசலில் வந்து தயங்கி நின்றாய். அம்மா உள்ளே போய், தண்ணீர் நிறைந்த சட்டியைத் தூக்கிவந்து உன் காலடியில் வைத்தாள். உள்ளே உயிரோடு ஒரு கெளுத்தி சுற்றிச் சுற்றி வந்தது. பக்கத்தில் அரிவாள்மணை.

"நீயே ஓதி அறுத்துக் குடு. நான் கொழம்பு வச்சித் தரேன்."

நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே அழுதாய். "அம்மா, மீனுக்கு ஓதி அறுக்கறதே கெடயாது. யார் புடிச்சாலும், யார் அறுத்தாலும் எனக்கு ஆவும்."

"மெய்யாலுமா? கடல்ல கீற மீனெல்லாம்?"

"எல்லாந்தாம்மா."

அம்மா அகப்பையால் உன் தலையில் ஒன்று போட்டாள். "இத மொதல்லயே சொல்றதுக்கின்னா? உசுரு மீனுக்கோசரம் எண்ணூர் வரைக்கும் நடந்து பேஜாராப் பூட்டேன்!"

அன்று நீ சட்டியையே வழித்துவிட்டாய், எனக்கு வால் துண்டுகூட மிஞ்சவில்லை. நீ கை கழுவும்போது அம்மா மெல்லக் கேட்டாள், "அங்க போயி இன்னாடா கண்ட?"

"அலைல மாட்டிக்கினு இருந்து கரைக்கு வந்தாப்புல கீதும்மா."

கடலுக்குப் போனவர்களுக்காகக் கரையில் காத்தே வாழ்நாள் கழித்தவள் அவள். "அப்ப சரி" என்றாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

அம்மாவும் இல்லை, நீயும் இல்லை. உன் பேரப்பிள்ளைகள் இன்று நோன்பு திறக்க என் வீட்டுக்கு வருகிறார்கள். கெளுத்தி வாங்கி வந்து சட்டியில் விட்டிருக்கிறேன். மீனுக்கு அறுப்பு கிடையாது என்று எனக்குத் தெரியாதா, அண்ணா? ஆனாலும் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அரிவாள்மணையை எடுக்கிறேன்.