படமாக நின்ற பெயர்கள்

இன்று அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் அலுவலக அறையின் மேசையைத் துடைத்தபோது, விசைப்பலகையில் ஒட்டியிருந்த அரிசி மணி ஒன்று பெயர்ந்து என் உள்ளங்கையில் விழுந்தது. பார்வை மங்கிய நாட்களில் விரல்கள் வழிதவறாதிருக்க, இரண்டு விசைகளின் மேல் பசை தடவி நீங்கள் ஒட்டிவைத்தவற்றுள் ஒன்று. வீசவும் மனம் வரவில்லை. எடுத்துவைக்கவும் காரணம் தெரியவில்லை. அழுகை வருமென்று சற்றுநேரம் நின்றேன். வரவில்லை. நீங்கள் மௌத்தாகி எங்களைப் பிரிந்த நாள்முதல் அப்படித்தான் இருக்கிறது. உப்பளத்தில் உப்பை வாரிய பிறகு பாத்தியில் எஞ்சும் நீரைப்போல, அசைவில்லாமல்.

மையவாடியைக் கடக்கும்போது அங்கே உறங்குவோருக்குச் சொல்லும் ஸலாத்தை நாள்தோறும் உங்களுக்கும் சொல்கிறேன். அதற்குமேல் சொல்லவேண்டியவை சில உண்டு. வீதியோரத்தில் நின்று சொல்லத் தக்கவை அல்ல என்பதால் எழுதுகிறேன்.

போர்க்காலத்தில் வடக்கிலிருந்து வெளியேற நேர்ந்தவர்களோடு நீங்கள் தில்லையடிக்கு வந்தீர்கள். உங்கள் ஊரில் தட்டச்சு வகுப்பு நடத்தியவர். நான் இவ்வூரான், பள்ளியின் ஆலிம். ஓதிக்கொடுப்பதும் ஜனாஸாப் பதிவேடு எழுதுவதும் என் பொறுப்பு. அகதி முகாம்களில் இறந்தவர்கள் எங்கள் மையவாடியிலேயே அடக்கப்பட்டார்கள். ஒவ்வோர் அடக்கமும் முடிந்தபின் இறந்தவரின் பெயர், தந்தை பெயர், சொந்த ஊர், கபுர் இருக்கும் வரிசை ஆகியவற்றை எழுதுவேன். ஆண்களுக்கு ஒரு புத்தகம், பெண்களுக்கு ஒரு புத்தகம். என் கையெழுத்தில் எனக்குப் பெருமை இருந்தது என்பதை இப்போது மறைக்க வேண்டியதில்லை.

போர் முடிந்து சனம் வடக்கே திரும்பத் தொடங்கியதும், பள்ளியின் தொலைபேசி ஓயாமல் ஒலித்தது. வாப்பாவை எங்கே அடக்கினீர்கள், தம்பியின் கபுர் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். நான் புத்தகத்தைப் புரட்டிப் பதில் சொல்லிக் களைத்துப்போனேன். அப்போதுதான் பள்ளிக்கு ஓர் இணையத்தளம் அமைப்போம் என்றீர்கள். அந்த வயதில் அதை நீங்களாகவே கற்றுக்கொண்டீர்கள்.

ஆண்களின் புத்தகம் முழுவதையும் முதலில் பழைய எழுத்துருவில் தட்டினீர்கள். திரையில் அழகாகத் தெரிந்தது. ஆயினும் தேடியவர் எவருக்கும் ஒரு பெயரும் அகப்படவில்லை. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தது, தேடும் இயந்திரத்துக்கு வெறும் ஆங்கிலக் கிறுக்கலாக இருந்திருக்கிறது. உண்மை விளங்கிய அன்று நீங்கள் சலித்துக்கொள்ளவில்லை. பிளேன் டீயைக் குடித்து முடித்துவிட்டு, முதற்பெயரிலிருந்து ஒருங்குறியில் மறுபடியும் தட்டத் தொடங்கினீர்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் ஊரின் பெயரையும் ‘மையவாடி’ என்ற சொல்லையும் இட்டீர்கள். எது பெயர், எது தந்தை பெயர், எது வரிசை என்று அட்டவணையில் நிரலுக்கு நிரல் குறித்தீர்கள். இவ்வளவு எதற்கு, பார்க்கிறவருக்குத் தெரியாதா என்றேன்.

“பாக்கிறவருக்குத் தெரியும், ஆலிம். பாக்கேலாததுக்கும் தெரியோணும்,” என்றீர்கள்.

பெண்களின் புத்தகத்தை எடுத்தபோது நான் தடுத்தேன்.

இறந்துபோன பெண்களின் பெயர்களை உலகச் சந்தையில் ஏலம் கூறுவதுபோல் பரப்புவது தகாது என்றேன். நீங்கள் விடவில்லை. தேடுகிறவர்களுள் பாதிப்பேர் உம்மாவைத் தேடுகிறார்கள் என்றீர்கள். கடைசியில் நானே ஒரு வழி சொன்னேன்: அந்தப் பக்கங்களை நிழற்படமாக எடுத்துப் போடுங்கள், தேடி வருகிறவர் புரட்டிப் பார்க்கட்டும், கண்டவர் கையிலெல்லாம் சிக்க வேண்டாம். படத்துக்குள் பெயர்கள் திரைமறைவில் இருப்பதாக எனக்குப் பட்டது. என் எழுத்தும் அப்படியே நிற்கும் என்று உள்ளூர மகிழ்ந்தேன்.

அதற்குப் படிப்பறிவால் ஒரு நியாயமும் கட்டினேன். அகப்பாடல்களில் தலைவியின் பெயரைச் சுட்டாத மரபு தமிழுக்கு எத்தனை பழையது என்று விரித்துரைத்தேன். நீங்கள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டீர்கள்.

“அது பாட்டுக்கு, ஆலிம். இது கபுருக்கு.”

இருந்தும் நான் சொன்னபடியே செய்தீர்கள். பதிவேட்டைச் சன்னலருகே வெளிச்சத்தில் விரித்து, பக்கம் பக்கமாக நீங்களே படம் எடுத்தீர்கள். நான் தாளின் ஓரங்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் மட்டும் சற்று நேரம் நின்றீர்கள். வெளிச்சம் போதவில்லையோ என்று நினைத்தேன்.

பின்னர் சீனி வருத்தம் உங்கள் கண்களைக் கொண்டுபோயிற்று. ஓராண்டுக்குள் முகங்கள் போயின, பிறகு எழுத்துகள் போயின. வெளிநாட்டிலிருக்கும் உங்கள் மகன், திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் கைப்பேசி ஒன்றை அனுப்பிவைத்தார். அன்றுமுதல் நீங்கள் கதிரையில் சாய்ந்து அதைக் காதருகே பிடித்தபடி உங்கள் தளத்தை நீங்களே கேட்டு வந்தீர்கள். ஆண்களின் பெயர்களை அந்தக் குரல் ஒவ்வொன்றாகச் சொல்லும், தந்தை பெயர் சொல்லும், வரிசை சொல்லும். பெண்களின் பக்கத்துக்கு வந்ததும் ‘படம்’ என்னும். அடுத்ததற்கும் ‘படம்’ என்னும். நீங்கள் விரலால் தள்ளத் தள்ள, அந்தப் பக்கம் முடியும்வரை அதே சொல்தான்.

நான் எதிரே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் சிரித்தீர்கள்.

“தேடுற மெஷினும் நானும் இப்ப ஒரே சாதி, ஆலிம். ரெண்டு பேருக்கும் கண் தெரியாது. உங்கட எழுத்தின்ர வடிவு எங்களுக்கு விளங்காது. எழுத்தாத் தந்தாத்தான் உண்டு.”

அதன்பின் இதைத் தவிர வேறெதையும் நீங்கள் என்னிடம் கேட்டதில்லை. பெண்களின் பக்கங்களை எழுத்தாக மாற்றுவோம் என்பதே அது. நான் வாசிக்க நீங்கள் தட்டுவதாகச் சொன்னீர்கள். அரிசி மணிகளை ஒட்டியது அப்போதுதான். ‘அப்படியே விடுபட்டதுகளையும் சேர்க்கலாம்’ என்று ஒருமுறை சொன்னீர்கள். என்ன விடுபட்டது என்று நான் கேட்கவில்லை. பார்க்கலாம் என்றேன். ஒரு வெள்ளிக்கிழமை மிம்பர் மேடையில் குத்பா உரை முடித்து வெளியே வந்தபோது என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

“மிம்பரில நிண்டு நபிமார் வீட்டுப் பெண்களைப் பேர் சொல்லித்தானே கதைக்கிறீங்கள். எங்கட வீட்டுப் பெண்களின்ர பேருக்கு மட்டும் என்ன வெக்கம்?”

மறையில் ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கி ஓர் அத்தியாயமே இருப்பதைச் சிறுவயதிலிருந்து ஓதிவருகிறவன் நான். பதில் இல்லாத இடத்தில் படித்தவர்கள் செய்வதையே செய்தேன்: தவணை சொன்னேன். நோன்பு முடியட்டும் என்றேன். எப்படிச் செய்வதென்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள் என்றீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல எழுதி அலுமாரியில் வைத்தேன். நோன்பு முடியுமுன் உங்களைக் கடைசியாகக் குளிப்பாட்டினோம். என் கைகளும் அதில் இருந்தன. தண்ணீர் குளிர்ந்திருந்தது என்பது மட்டும் நினைவில் உண்டு.

பெருநாள் கழிந்து சில வாரங்களின் பின் வடக்கிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர். அவரது உம்மா முகாமில் மௌத்தானபோது அவர் வேறு ஊரில் இருந்திருக்கிறார். தம் கைப்பேசியில், கேட்டதற்கு ஆள்போலப் பதில் சொல்லும் செயலியிடம் உம்மாவின் பெயரையும் வாப்பாவின் பெயரையும் சொல்லி, எங்கே அடக்கப்பட்டார் என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஊரையொட்டிய கடல்நீர்க் களப்பின் மறுகரையிலுள்ள ஒரு மையவாடியை அது தயங்காமல் சொல்லியிருக்கிறது. அங்கே அவர் வாப்பாவின் பெயரையே கொண்ட வேறொருவர் எழுத்தில் பதிவாகியிருந்தார். எங்கள் பக்கத்தில் அதற்குப் படிக்க ஒன்றுமில்லை. எழுத்து இருந்த இடத்துக்கு அவரை அனுப்பிவிட்டது. அவர் பஸ்ஸேறி வந்து, பெண்கள் உள்ளே போகும் வழக்கம் இல்லாததால் அந்த மையவாடியின் மதிலுக்கு வெளியே நின்று பகல் முழுவதும் ஓதியிருக்கிறார். பிறகுதான் அங்கிருந்த ஒருவர், முகாம் ஜனாஸாக்கள் இங்கே அடக்கப்படவில்லை என்று சொல்லி எங்களிடம் அனுப்பினார்.

ஓதியது எங்கே நின்று ஓதினாலும் சேரும் என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

“சேரும், ஆலிம். அது எனக்குத் தெரியும்,” என்றார். “ஆனா நான் உம்மாவத் தேடியெல்லோ வந்தனான். ஆரின்ர மதிலடியில நிண்டனெண்டு தெரியேல்ல.”

பெண்களின் புத்தகத்தை எடுத்து விரித்தேன். அவர் உம்மாவின் பெயர் முழுமையாக, தெளிவாக, என் கையெழுத்தில் இருந்தது. அவர் அதைத் தொடாமல், விரலை எழுத்துக்குச் சற்று மேலே பிடித்து வாசித்தார். “எழுத்து நல்ல வடிவா இருக்கு,” என்றார். அவர் பழித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அவரை எங்கள் மதிலோரத்துக்கு அழைத்துச் சென்று வரிசையைக் காட்டிவிட்டுத் திரும்பி, நீங்கள் சொல்லி நான் எழுதிவைத்த அந்தத் தாளை எடுத்தேன். அன்று தொடங்கினேன். ஒற்றை விரலால், லுஹர்த் தொழுகைக்கும் அஸருக்கும் இடையே, ஒரு நாளைக்கு ஒரு பக்கம். ஊர்ப் பெயருடன் தலைப்பு, நிரல்களுக்குப் பெயர், பிறகு ஒவ்வொரு பெண்ணும். படங்களை நீக்கவில்லை. ஒவ்வொரு படத்தோடும், அதில் இருப்பது இன்ன பக்கம், இன்னின்னாரின் பதிவு என்று, பார்க்கேலாதவருக்கான குறிப்பையும் நீங்கள் சொன்னபடி சேர்த்தேன்.

தட்டத் தட்டத்தான் ஒன்றைக் கண்டேன். சில வரிகளில் பெயரே இல்லை. வெளியூரார் வீட்டுப் பெண்களின் பெயரை, கேட்டு, எழுத்துக்கூட்டச் சொல்லி எழுதியிருக்கிறேன். எனக்கு நெருங்கிய வீடுகளில் மட்டும் கேட்கவில்லை. நண்பரிடம் அவர் மனைவியின் பெயரைக் கேட்பது மரியாதையன்று என்று ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் தாயார்’ என்று எழுதி முடித்திருக்கிறேன். பழகியவர்களின் பெண்களே பெயரில்லாமல் கிடந்தார்கள்.

உங்கள் மனைவியின் வரியும் அப்படித்தான் இருந்தது. உங்கள் பெயரைச் சுழித்து அழகாக எழுதி, ‘மனைவி’ என்று நிறுத்தியிருந்தேன்.

நோன்புதோறும் அவர் கையால் காய்ச்சிய கஞ்சி என் வீட்டுக்கு வந்தது. அவருடைய ஜனாஸாத் தொழுகையை நானே நடத்தினேன். பெயர் தெரியாது. படம் எடுத்த அன்று நீங்கள் நின்றது அந்தப் பக்கத்தில்தான். அன்று உங்களுக்குக் கண் இருந்தது, வரியைக் கண்டிருக்கிறீர்கள். அதன்பின் இத்தனை காலம் வாதாடியதும் பிறருடைய உம்மாக்களுக்காகவே என்று நான் நம்பும்படி விட்டுவிட்டீர்கள்.

உங்கள் மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“உம்மாட பேரோ? உங்களுக்குத் தெரியாதோ, ஆலிம்?” என்றார். கோபம் இல்லை, வியப்புத்தான். பிறகு சொன்னார்: “வாப்பா சொல்லிக்கொண்டு இருந்தவர். ஆலிம் ஓமெண்டு சொன்ன உடன அந்த இடத்தில உம்மாட பேரப் போடோணுமெண்டு. அந்த மெஷின் வாசிக்கிறதைக் கேக்கோணுமெண்டு.”

பெயரைக் கேட்டு, அவர் வாப்பாவின் பெயரையும் ஊரையும் கேட்டு, வரிசை எண்ணுடன் தட்டினேன். மற்ற வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போய்க் கேட்டு வருகிறேன். முதற்கேள்விக்குச் சில ஆண்கள் சற்றுத் தயங்குகிறார்கள். நான் வாசலில் காத்திருக்கிறேன். வடக்கிலிருந்து வந்த பெண்மணி போன வாரம் அழைத்து, இப்போது கேட்டால் அந்தச் செயலி எங்கள் பள்ளியைச் சொல்கிறது என்றார். நல்லது என்றேன். மகிழ்ச்சி என்று ஒன்று வரவேண்டிய இடம் அது.

உங்களிடம் சொல்ல இன்னும் ஒன்றே ஒன்று உண்டு. உங்கள் மனைவியின் பெயரைத் தட்டிய அன்று வீட்டுக்கு வந்தேன். என் மனைவி குசினியில் இருந்தாள். நிக்காஹ் முடிந்த நாள்முதல் ‘இந்தாங்க’ என்றும் ‘பிள்ளைகள்ட உம்மா’ என்றுமே அழைத்து வந்திருக்கிறேன். வாசலில் நின்று அவளுடைய பெயரைச் சொல்லி அழைத்தேன். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

“யாரக் கூப்பிடுறீங்க?” என்று கேட்டாள்.

வீட்டில் வேறு எவரும் இல்லை. நான் மீண்டும் சொல்லவேண்டியிருந்தது. அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, யாராவது வந்திருக்கிறார்களா என்று என் தோளுக்கு மேலாக வீதியைப் பார்த்தாள்.