ஆசிட்டில் நிற்காத சிவப்பு

9 ஜூன் 1958

சாயப்பட்டறையில் இன்று அரக்குச் சிவப்பு. நூல் முழுக்க ஒரே சீராகச் சாயம் ஏறியது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் அதுவே பெரிய பாராட்டு.

வீட்டுக்கு வந்து என் பெண்டாட்டி பொன்னழகுக்கு மாத்திரையும் அந்தக் கசப்புத் தூளும் கொடுத்தேன். "இந்தத் தூளுக்குச் சீக்கே தேவல" என்கிறாள். வாய் குறையவில்லை, நல்லது. இருமல் குறைந்திருக்கிறது. காசநோய் என்று டாக்டரம்மா சொல்லி நாலு மாதம் ஆகிறது. சளியில் கிருமி இருக்கும்வரை பிள்ளையை அண்டவிடக் கூடாதென்று உத்தரவு. எட்டு மாதத்துப் பிள்ளையை மடியிலிருந்து பிடுங்கி, நத்தத்தில் அக்கா வீட்டில் விட்டேன். அன்று பொன்னழகு அழவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

22 ஜூன்

நத்தம் போய் வந்தேன். பாப்பா அக்காவை அம்மா என்று கூப்பிடுகிறது. வீட்டில் சொல்லவில்லை. அக்கா கொடுத்துவிட்ட மாம்பழத்தைப் பற்றி மட்டும் சொன்னேன்.

1 ஜூலை

திண்டுக்கல்லில் டாக்டரம்மா கிளினிக். சளி கொடுத்தோம். அங்கே பரிசோதனை பார்ப்பவர் இருதயநாதன். நல்ல பேச்சுக்காரர். எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். பக்கத்தில் நிறுத்திக் காட்டினார்.

கண்ணாடித் துண்டில் சளியைத் தடவி, சிவப்புச் சாயத்தை ஊற்றி, அடியில் நெருப்புக் காட்டி ஆவி பறக்க வைக்கிறார். அப்புறம் ஆசிட்டில் கழுவுகிறார். மற்றதெல்லாம் வெளுத்துப்போகும், காசநோய்க் கிருமி மட்டும் பிடித்த சாயத்தை விடாதாம். கடைசியில் கொஞ்சம் நீலம். நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சி தெரிந்தால் கிருமி இருக்கிறது.

சாயப் பாட்டிலைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். நம்ம மெஜந்தா! "சார், இதை அண்டா அண்டாவாக் காய்ச்சுறவன் நான். சின்னாளப்பட்டியில வந்து பாருங்க" என்றேன்.

என்னையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கவிட்டார். பொன்னழகு சளியில் மெல்லிய சிவப்புக் குச்சிகள், அங்கொன்றும் இங்கொன்றுமாக. இம்புட்டூண்டு. இதுதானா என் வீட்டுக்குள் புகுந்து பிள்ளையைப் பிரித்தது? கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

5 ஆகஸ்ட்

கிளினிக்கில் சாயம் தீர்ந்துவிட்டது. வெளிநாட்டுச் சரக்கு வரத்து இல்லையாம். எப்ப சார் வரும் என்றால், "கப்பல்காரனைத்தான் கேக்கணும்" என்கிறார் இருதயநாதன். அதுவரை பொன்னழகு என்ன செய்வாள்? பட்டறை மெஜந்தாவைக் கொண்டுவரவா என்று கேட்டேன். காலிப் பாட்டிலை ஒருமுறை கவிழ்த்துப் பார்த்தார். "கொண்டாங்க, போட்டுப் பாப்போம்."

என் சாயம் என் வீட்டுக்கே உதவப்போகிறது! பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

11 ஆகஸ்ட்

கிருமி இல்லை!!

நானும் பார்த்தேன். ஒரு குச்சிகூட இல்லை, அம்புட்டும் நீலம். "எதுக்கும் டாக்டரம்மாட்ட ஒரு வார்த்தை..." என்று இருதயநாதன் இழுத்தார். நான் நின்றால்தானே?

"நெசமாவா? என் தலையில அடிச்சுச் சொல்லுங்க" என்றாள் பொன்னழகு. அடித்துச் சொன்னேன். உடனே தலைக்குக் குளித்தாள், தொட்டில் சேலையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். பாட்டுக்கூட வந்தது வாயில். நாளை முதல் பஸ்ஸில் நத்தம் போகிறேன்.

12 ஆகஸ்ட்

போகவில்லை.

கிளம்பி வாசலுக்கு வருகிறேன், இருதயநாதன் சைக்கிளில் வந்து இறங்குகிறார். திண்டுக்கல்லிலிருந்து மிதித்தே வந்திருக்கிறார். சட்டை நனைந்து ஒட்டிக்கிடந்தது. "பிள்ளையத் தூக்கியாந்துட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றதும் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு மனசு ஒப்பவில்லையாம். கிருமி நிறைய இருக்கிறதென்று நன்றாகத் தெரிந்த இன்னொருவர் சளியையும் என் சாயத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. "கிருமி இல்லாம இல்ல, கண்ணுசாமி. உங்க சாயம் ஆசிட்ல நிக்கல. அம்புட்டும் கழுவிட்டுப் போயிருச்சு."

என் சாயமா நிக்கல? எத்தனை சேலை போட்டிருக்கேன், ஒருத்தன் திருப்பிக் கொண்டாந்திருப்பானா? கத்திவிட்டேன். டப்பாவில் மெஜந்தா என்று எழுதியிருந்தால் ஆயிற்றா, உள்ளே எதைக் கலந்து விற்றானோ என்பது அப்புறம்தான் புத்தியில் ஏறியது.

ஒரு நாள் முந்திப் போயிருந்தால்? பிள்ளையைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டிருப்பேனே — நானே, என் கையாலேயே —

பொன்னழகு கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வெளியே வந்து அவருக்குத் தண்ணீர்ச் செம்பை எட்டி வைத்தாள். "நேரத்துக்கு வந்தீங்களே சார், அது போதும்." என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. தொட்டில் சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

13 ஆகஸ்ட்

பேசவில்லை.

16 ஆகஸ்ட்

சோறு போடும்போது பேசிவிட்டாள். "உங்க முதலாளி பாவம். உங்க சாயத்தை நம்பித் தொழில் பண்றாரு." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள். எத்தனை மாதத்து அழுகையோ. நானும்தான் அழுதேன், எழுதினால் என்ன. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே தூளைக் கலக்கிக் குடித்தாள்.

20 செப்டம்பர்

சென்னையிலிருந்து சாயம் வந்தது. இருதயநாதன் முதலில் அந்த இன்னொருவர் சளியைப் போட்டார். சிவப்பு பளிச்சென்று நின்றது. அப்புறம்தான் பொன்னழகுடையது. இருக்கிறது. ஆனால் தேடித் தேடித்தான் கிடைத்ததாம். கிருமி இருக்கிறது என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். இது பொய் சொல்லாத சாயம். இது குறைவு என்றால் குறைவுதான்.

4 நவம்பர்

இந்தத் தடவை ஒரு குச்சியும் தெரியவில்லை. "கிருமி இருக்குன்னு தெரிஞ்ச சளியையும் சேர்த்துப் போட்டீங்களா சார்?" என்றேன். "அதுல நிக்குது. உங்க வீட்டம்மாவோடதுல இல்ல." டாக்டரம்மா இன்னும் இரண்டு தடவை பார்க்கச் சொல்கிறார். வீட்டில் மெதுவாகத்தான் சொன்னேன். "சரி" என்றாள். கொடியில் எதையும் துவைத்துப் போடவில்லை.

10 டிசம்பர்

இல்லை.

12 ஜனவரி 1959

இன்றும் இல்லை. மருந்தை நிறுத்தக் கூடாது, ஆனால் பிள்ளையைக் கூட்டிவரலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கிளினிக் வாசல் படியிலேயே பொன்னழகு உட்காரப் போனாள். இருதயநாதன் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

18 ஜனவரி

அக்காவும் பாப்பாவும் வந்தார்கள். பாப்பா இப்போது ஓடுகிறது. பொன்னழகு கையை நீட்டினாள். பாப்பா அக்கா சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. "பழகிரும் தாயி, கொஞ்சம் பொறு" என்று அக்கா அழுதாள். பொன்னழகு வற்புறுத்தவில்லை. தரையில் உட்கார்ந்து கடலை உரிக்க ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் கழித்து ஒரு சின்னக் கை வந்து முறத்திலிருந்து ஒரு பருப்பை எடுத்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னொன்றை உரித்துப் பக்கத்தில் வைத்தாள்.

27 ஜனவரி

அக்கா ஊருக்குப் போய்விட்டாள். பாப்பா அழும் என்று பயந்துகொண்டிருந்தோம். அழவில்லை. பொழுது சாய்ந்ததும் பொன்னழகு வயிற்றில் காலைப் போட்டுக்கொண்டு, பாயின் குறுக்கே கையை விரித்துத் தூங்கிவிட்டது. எனக்குப் பாயில் இடமில்லை. "எங்கயாச்சும் படுங்க, சத்தம் போடாம" என்கிறாள்.